அப்பா காப்புக் கட்டிக்கொண்டார்

உ

ஜெலாப்பாங், ஈப்போ
25.5.1986

என் அன்பு மகள் தனலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளர்வதும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நாங்கள் இருக்கிறோம். அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், சிரிக்கிறார், தெருவில் யார் கூப்பிட்டாலும் ஓடுகிறார். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. பிரசவத்துக்கு வருகிறாயா இல்லையா, டிக்கெட் போடவா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லும்மா என்று கேட்டிருந்தாய். லண்டன் போனதும் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே வார்த்தையில் வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் சில பிள்ளைகளைப் பார்த்தால் அப்பா ஞாபகம் வருகிறது, ஒரு இடத்தில் உட்கார முடியாமல், எடுத்ததை முடிக்க முடியாமல், சொன்னது மனதில் நிற்காமல் அவதிப்படுகிறார்கள், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் சிரித்தார். இது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது, வளர்ந்தா போயிரும் லா, உங்க வீட்டுக்காரருக்கு பேரப்பிள்ளை வரப் போகுது என்றார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். இன்னொரு டாக்டரிடம் வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தோம், அப்பா தே தண்ணி குடிச்சிட்டு வாரேன் என்று எழுந்து போனவர், வழியில் யாருடைய மோட்டாரையோ தள்ளப் போய்விட்டார், நம் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். வியாதியைக் காட்டப் போனால் அந்த வியாதியே ஆளைக் காட்ட விடுவதில்லை. கடைசியில் ஒரு தமிழ் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு, கோலாலம்பூரில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் இருக்கிறார், பெரியவர்களுக்கும் இது உண்டு என்று நம்புகிறவர் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். மாதக் கணக்கில் காத்திருந்து அவரிடம் நாள் கிடைத்தது. அவர் பார்த்து மாத்திரை கொடுத்து அப்பா கொஞ்சம் நிலைக்கு வந்துவிட்டால், அவரைத் தனியே விட்டுவிட்டு உன்னிடம் வந்து, தலைப் பிரசவத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என் மனதில் கணக்குப் போட்டிருந்தேன்.

உன் காளியம்மா அத்தைக்கு இது தெரிந்ததும் வாசலில் நின்று கத்தினாள், என் அண்ணனை தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறியா, தோட்டத்துல அவர மாதிரி ரப்பர் பால் வெட்டுறவர் யாருமே இல்லன்னு மண்டோரே சொல்வாரு என்று. அவள் சொன்னதில் பொய் இல்லை. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குத் தகரம் தட்டுவார்கள், எழுந்து போய் வரிசையில் நின்று பெயர் கொடுப்பார், வேலை வாங்கும் மண்டோர் காட்டிய நிரையில் மரத்துக்கு மரம் ஓடுவார், சங்கு ஊதினால் பாலைக் கொண்டு வந்து ஊற்றுவார். அவருடைய நேரத்தை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்தை விற்று நம்மை வெளியே அனுப்பியபின் அந்த வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் எழுப்பி, நான் குளிக்கச் சொல்லி, நான் சாவியைக் கையில் கொடுத்து, நான் பஸ் நிறுத்தம் வரை போனால்தான் கேட்டில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். போனாலும் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு எதிர்க் கடைக்காரனுக்குக் கூரை மாற்றிக் கொடுக்கிறார். அந்த முதலாளி இன்னும் துரத்தாமல் வைத்திருப்பது, நான் அவர் வீட்டம்மாவுக்கு முறுக்கு சுட்டுக் கொடுப்பதால். போன மாசம் லகாட்டில் ஒரு கருமாதிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தேன். அடுப்பில் சட்டி கருகி ஓட்டை விழுந்திருந்தது, குழாய் திறந்தபடி, கதவும் திறந்தபடி, அப்பா சிம்பாங் பூலாயில் யாருக்கோ ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

இப்போது நடந்ததைக் கேள். கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். வழக்கமாகக் கரகம் எடுக்கும் பத்துமலை மோட்டாரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான், இந்த வருஷம் யார் எடுப்பது என்று தலைவர் கேட்டிருக்கிறார். கேட்டு முடிக்கவில்லை, அப்பா கையைத் தூக்கிவிட்டார். பூசாரி அங்கேயே தண்ணீர் ஊற்றி மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டார். ஈரத் தலையோடு, கை மணிக்கட்டில் காப்போடு, முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்து, கறிச்சட்டியை எடுத்து வெளிய வை புள்ள, ஆத்தா என்னைக் கூப்பிட்டுட்டா என்றார். கரகக் காப்புக் கட்டினவர் திருவிழா முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, உனக்குத் தெரியுமே. கோலாலம்பூர் நாள் அதற்குள்ளே விழுந்தது. அதைச் சொன்னதும் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நெனப்பே வரல புள்ள, அவரு கேட்டாரு, கை தன்னால தூக்கிருச்சு என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் நடிக்கவில்லை தனம். அந்த நேரத்தில் அவர் மனதில் டாக்டரும் இல்லை, நானும் இல்லை, நீயும் இல்லை.

வெட்கத்தை விட்டுப் பூசாரியிடம் போய் நின்றேன். கட்டுனது கட்டுனதுதான் அக்கா, நடுவுல அவுத்தா ஊருக்கே ஆகாது என்றார். ஊருக்கு ஆகாதாம், எனக்கு ஆனால் என்ன ஆகாவிட்டால் என்ன. பேச்சு முற்றி நான் சத்தம் போட்டுவிட்டேன், தலைவர் வந்து சமாதானம் செய்து அனுப்பினார். டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டு நான் மட்டும் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். ஆள் வரணும், ஆளைப் பார்க்காமல் மருந்து கிடையாது, இந்த நாளை விட்டால் இனி வருஷக் கடைசிதான் என்றாள் அந்தப் பெண். உனக்கு மாசம் ஆகஸ்டு.

போன வாரம் கரகம் எடுத்தார். மேளம் முன்னால் போக, தலையில் கரகத்தோடு, கையால் பிடிக்காமல், ஒரு அடி பிசகாமல் தெருவெல்லாம் சுற்றி வந்தார். ஜனங்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். பக்கத்து வீட்டு வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கொடுத்து வைச்சவ நீ என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதே நேரம் அந்தக் கரகத்தைத் தட்டிவிடலாமா என்றும் இருந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். குடிகாரனாக இருந்தால் வாய்விட்டுத் திட்டலாம். அடிக்கிறவனாக இருந்தால் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகலாம். இவர் நல்லவர், நல்லவரை விட்டுவிட்டு எங்கே போவது? போனாலும் ஊர் என்னைத்தான் சொல்லும். எனக்கு மூச்சு முட்டுகிறது தனம். குளியலறையில் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறேன், அதற்குள் வெளியிலிருந்து, புள்ள என் சட்டை எங்க என்று குரல் வந்துவிடும்.

அதனால் டிக்கெட் போடாதே. நான் வர முடியாது. தலைப் பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாத பெண் என்று உன்னை ஆக்கிவிட்டேன். பிரசவக் காயமருந்து இடித்து, காளியம்மா அத்தை மகன் ஜூலையில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன், சாப்பிடும் விதத்தை அவனிடம் எழுதிக் கொடுக்கிறேன். தலைக்குக் குளித்தால் உடனே துவட்டு. பச்சைத் தண்ணீர் குடிக்காதே, அங்கே எல்லாரும் ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள் என்று நீயும் குடிக்காதே. மாப்பிள்ளையை லீவு போடச் சொல், வெட்கப்படாமல் கேள். வருஷக் கடைசி நாளுக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு அவர் கையை நானே பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அப்பா உனக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார், பேனாவோடு எங்கேயோ போய்விட்டார், இது வேறு பேனா.

நீ மகராசியாக இரு. சுகமாகப் பெற்று எழுந்திரு, தீர்க்காயுசாக இருங்கள் எல்லோரும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிறப்பது ஆணோ பெண்ணோ, தாத்தாவைப் போல நிற்காமல் ஓடி, எதையும் முடிக்காமல் திரிந்தால் அடிக்காதே, செல்லமும் கொடுத்து விடாதே, சின்னதிலேயே டாக்டரிடம் கொண்டு போ. சின்னப் பிள்ளை என்றால்தான் நம்புகிறார்கள். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும், வருகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று மட்டும் விட்டுவிடாதே. அப்படிச் சொல்லித்தான் என்னைக் கொண்டு வந்தார்கள்.

உன்னைப் பெற்றவள்,
ச. ராக்காயி