எலி கொண்டுபோன ஆறாவது குதிரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒரு திருட்டை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பீரங்கி வண்டியின் ஆறாவது குதிரையை எலி கொண்டுபோகவில்லை. நான்தான் எடுத்தேன். ஐம்பது வயது ஆம்பிளை ஒரு பொம்மைக் குதிரையைப் பொடி டப்பாவில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு மரமில்லுக்கு வேலைக்குப் போய்வந்தேன் என்றால் எப்படிச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது.

நம் சங்கத்து மலரில் போடுகிறோம், உங்களைப் பற்றி எழுது என்றார்கள். பற்றி எழுதத் தெரியவில்லை. உங்களுக்கே எழுதிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை திருத்துகிற ஆள் நீங்கள்தான், நீங்களோ இல்லை.

போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஆபீசில் நீங்கள் குமாஸ்தாவாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு கப்பல் இன்ஜினியர் அந்தப் பொம்மைப் பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இங்கிலீஷ் காகிதம். நெப்போலியன் பட்டாளத்துக் குதிரைப் பீரங்கி என்று படித்துச் சொன்னீர்கள். கட்டைவிரல் உயரத்தில் ஆறு ஈயக் குதிரைகள், சோடி சோடியாக. சோடிக்கு ஒரு குதிரையில்தான் வீரன் ஏறுவானாம், மற்றது சும்மா கூட ஓடுமாம். அவற்றின் பின்னால் ஒரு சின்ன வண்டி, அதன் பின்னால் பீரங்கி.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் டாலிகஞ்சில் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவேன். அடியில் ஒட்டப் படாக் மரப்பலகை நான் அறுத்துக் கொண்டுவந்தது. மில் தச்சர்களிடம் வாங்கிய வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சுவதும் நான்தான். இந்தத் தீவின் ஈரத்துக்கு வஜ்ஜிரம் இளகிவிடும், மிச்சத்தைக் கரப்பான் தின்னும். வாரம் ஒரு வீரன் குதிரையிலிருந்து விழுவான். "எதிரி சுட்டுட்டான் மச்சான்" என்று சொல்லி மறுபடி ஒட்டுவீர்கள்.

புல்லுக்காகப் படாக் மரத்தூளைத் தூவினோம். அது ரத்தச் சிவப்பு.

"பிரெஞ்சு தேசத்துல புல்லு செவப்பா மாப்பிள்ளை?"

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மச்சான். நான் லீவு லெட்டர் எழுதித் தர்றேன்."

பீரங்கியின் வாய் பின்பக்கம் பார்த்து நின்றபோதுதான் நமக்குள் பெரிய சண்டை. சண்டைக்குப் போகிறவன் வாயைப் பின்னால் வைத்துக்கொண்டா போவான் என்று கேட்டேன். "இழுத்துட்டுப் போறப்ப அப்பிடித்தான். போய்ச் சேந்தப்புறம் திருப்பிக்குவாங்க" என்றீர்கள். நான் நம்பவில்லை. காகிதத்தைக் காட்டினீர்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே காட்டினீர்கள்.

நாலு குதிரை பலகையில் நின்றது. கடைசிச் சோடி பெட்டியில் இருக்கும்போதே உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அவ்வளவு அவசரமாக எங்கே போனீர்கள் மாப்பிள்ளை?

குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். தங்கச்சி மெயின்லேண்டில் மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவு செய்தாள். "அவுக பாதியில விட்டதை முடிச்சுக் குடுங்கண்ணே. கூடக் கொண்டுபோறேன்" என்றாள். ஐந்தாவது குதிரையை ஒட்டினேன், வீரனையும் ஏற்றினேன். ஆறாவது ஆளில்லாத குதிரைதானே, யார் தேடப்போகிறார்கள்? எல்லாமே கப்பலேறுகிறது, ஒன்றாவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இன்னொரு குதிரை எங்கண்ணே?"

"எலி தூக்கிட்டுப் போயிருச்சும்மா."

"ஈயத்தைத் திங்குற எலி இந்தத் தீவுலதான் இருக்கும்" என்றாள். அந்த இடத்தில் நான் தூள் தூவப்போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எடத்தை அப்பிடியே விடுங்க. எலிக்கு மனசு மாறுனா கொண்டாந்து வைக்கட்டும்."

கப்பல் நாளன்று ஜெட்டியில் நல்ல மழை. "நீங்களும் வந்துருங்கண்ணே. இங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். நான் போனால் மில் ரம்பம் அழுமே என்றேன். "அது இப்பவும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை.

பலகையை வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் அந்தக் காலி இடம் தெரிந்தது. பொடி டப்பாவைத் திறந்து குதிரையை எடுத்து நீட்டினேன். "எலி வந்துச்சு" என்றேன். அவள் அதை முந்தானையில் துடைத்தாள். நிறையப் பொடி ஒட்டியிருந்தது. "நல்ல எலி" என்றாள், தும்மிக்கொண்டே. கையோடு கொண்டுவந்திருந்த வஜ்ஜிரத்தை டீக்கடை அடுப்பில் சூடாக்கி, மழைக்கு முதுகைக் கொடுத்து நின்று ஒட்டினேன். கண் சரியாகத் தெரியவில்லை. மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கத்துச் சேதி இவ்வளவுதான். உங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வங்காளிக் குடும்பம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் டாலிகஞ்ச் பஸ் ஏறிவிடுகிறேன். இறங்கி, கடையில் ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறேன். அந்த இங்கிலீஷ் காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் பீரங்கி வாய் பின்னால் இருக்கவேண்டும் என்று எந்த வரியில் போட்டிருக்கிறது?

அன்று ஜெட்டியில், பசை காயட்டும் என்று பெட்டியை மூடாமல்தான் ஏற்றிவிட்டேன். ஏணியை எடுப்பதற்கு முன்னால், பெட்டியைச் சுமந்துபோன கலாசி இறங்கி என்னிடம் வந்தான். "பாயி, ஏக் கோடா உல்டா ஹை" என்றான். ஒரு குதிரை திரும்பி நிற்கிறதாம். அதற்குள் ஏணியை எடுத்துக் கப்பல் நகர்ந்துவிட்டது.

அடுத்த லீவுக்கு வஜ்ஜிரத்தோடு மெயின்லேண்ட் வந்து என் கையாலேயே திருப்பி வைக்கிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதுவரைக்கும் ஐந்து குதிரை முன்னால் இழுக்கும். ஒன்று போர்ட் பிளேருக்கு இழுக்கும்.

உங்கள் சம்சாரத்தின் அண்ணனும்
உங்கள் மச்சானுமாகிய எலி