நாக்கின் கீழ் ஒரு குளிசை

மச்சான்,

யாரும் நம்பாத ஒரு கதையை உனக்கு எழுதப்போகிறேன் என்று மல்லாவிச் சந்தி அறியச் சத்தியம் செய்கிறேன். இன்று காலை நெஞ்சு இறுக, குளிசையை நாக்கின் கீழ் வைத்தேன். அதன் கசப்போடு நீயும் வந்துவிட்டாய்.

கக்கத்துக்கு ஒரு நெல்மூட்டையாக இடுக்கிக்கொண்டு வரம்பில் ஓடியவன் நீ. நீ மல்லாவியில் இருமினால் பரந்தனில் பஸ் நிற்கும். ஊரில் யாருக்கு வருத்தம் என்றாலும் உன் மோட்டார் சைக்கிள்தான் அம்புலன்ஸ். ஆனால் ஆளை இறக்கியதும் ஆசுப்பத்திரி வாசலோடு நின்றுவிடுவாய். "உள்ளுக்கை போறது பொம்பிளையளும் பிள்ளையளும்தான் மச்சான்" என்பாய்.

அந்த அறுவடைக்கு முன்னர் உன் கை அடிக்கடி நெஞ்சுக்குப் போனது. சோடா குடித்துவிட்டு, "வாய்வு" என்பாய். உன் மனைவி என்னிடம் வந்து அழுதார்: "அண்ணை, நீங்கள் சொன்னாலெண்டாலும் கேப்பார்."

சொன்னால் நீ கேட்பாயா? மற்றவர்களை ஏற்றிப்போகத்தான் உனக்குத் தெரியும். ஆகவே உன் முற்றத்தில் நான் விழுந்தேன். நெஞ்சைப் பிடித்துப் போட்ட கூச்சலில் தென்னையெல்லாம் குரும்பட்டி கொட்டின. நீ என்னைப் பின்னால் இருத்தி, துவாயால் உன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பறந்தாய்.

"கண்ணை மூடாதையடா!" என்று கத்தினாய். உன் முதுகோ வியர்த்துக் குளிர்ந்திருந்தது. மூச்சு உனக்குத்தான் வாங்கியது.

என்னைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள்.

"டொக்டர், இவனையும் பாருங்கோ. இவனுக்குத்தான் கனநாளாய் நெஞ்சுநோ" என்றேன்.

டொக்டர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். "சேட்டைக் கழட்டிப்போட்டு மற்றக் கட்டிலிலை படுங்கோ."

தாதிப் பிள்ளைகள் நின்றார்கள். நீ சிரித்தாய். "எனக்கென்ன? இந்தக் கிழடைப் பாருங்கோ. ஒரு சோடா குடிச்சிட்டு வாறன்."

"போகாதையடா!"

எழுந்தேன். வயர்கள் இழுத்தன. கதவு ஆடி நின்றது.

சோடாக் கடை வாங்கில் இருந்தபடியே சரிந்துவிட்டாய். முதல்முறையாக உன்னை மற்றவர்கள் தூக்கிவந்தார்கள். அந்த மற்றக் கட்டிலில்தான் கிடத்தினார்கள். நீ எழும்பவில்லை.

மூட்டையும் பொய், பஸ்ஸும் பொய், குரும்பட்டியும் பொய். உன்னைக் கூட்டிப்போக நடித்தேன் என்றுதான் ஊரும் உன் மனைவியும் இன்றுவரை நம்புகிறார்கள். எனக்கும் கனநாளாக நோ இருந்தது, மச்சான். வெறும் நடிப்பு, பகிடி என்று சொல்லிக்கொண்டதால்தான் அந்த ஆசுப்பத்திரி வாசலை மிதிக்க எனக்கும் துணிவு வந்தது. உன் முற்றத்தில் விழுந்தபோது நெஞ்சு நொந்ததே, அது மட்டும் உண்மை.