எங்கள் பள்ளத்தாக்கின் பூஜ்ஜியம்

பிஷ்கெக்,
ஜூன் 12

என் வீட்டுக்காரர் தோக்தோசுனுக்கு, காலிபா எழுதுவது.

மந்தை நலமா, குதிரைகள் நலமா, இந்தக் கோடையில் புல் நன்றாக வந்திருக்கிறதா? இத்தனையும் கேட்ட பிறகுதான் உங்களைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். நீங்கள் நலமா? நான் நலம். மேய்ச்சல் மேட்டில் போன் எடுக்காததில் எனக்கு ஒரு லாபம், நான் பேசும்போது நடுவில் புகுந்து தடுக்க உங்களால் முடியாது. புளித்த குதிரைப்பால் குமிஸ் ஏற்றிவரும் லாரிக்கார எசென் இதைக் கொண்டுவருவான். பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான் என்றும் தெரியும். எசென், உனக்கு வெட்கமாக இல்லையா?

நான் கிளம்பும்போது கேட்டீர்கள், "பத்து வருஷம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவளுக்கு இன்னும் என்ன முதுகலை வேண்டிக்கிடக்கு? அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க அதுல?" அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். பிறந்த தேதி, போட்ட ஊசி, படித்த பள்ளி என்று நம்மைப் பற்றி யார் யாரோ எழுதிவைக்கும் சின்ன விவரங்கள் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றை வைத்து யார் வாழ்க்கையில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று படிக்கிறோம். அதற்குத் தரவு என்று பெயர்.

நேற்று எங்கள் பேராசிரியை ஜீபெக் அம்மா ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, சுவர் முழுக்க நம் நாட்டைக் காட்டினார். மலையில்லை, ஆறில்லை, வெறும் கறுப்பு. "பத்து வருஷத்துல பொறந்த ஒவ்வொரு கொழந்தையும் ஒரு புள்ளி. பாருங்க" என்று ஒரு பொத்தானை அழுத்தினார். ஐயோ, அதை என்னவென்று சொல்வேன்! முதலில் இந்தத் தலைநகர் பிஷ்கெக் விளக்குகளாக எரிந்தது. பிறகு ஓஷ் நகரம். பிறகு சாலையோரமாக, ஆற்றோரமாக, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக மேலே ஏறிக்கொண்டே போனது. யாரும் வரையாத மலைகள் இருட்டாகத் தெரிந்தன. பிள்ளைகள் பிறந்த இடத்தை வைத்தே நம் தேசம் தன்னை வரைந்துகொண்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மூலையில் நம் ஊர் சாரி-கூங்கேயும் இருந்தது, ஒரு சிட்டிகை உப்பு தூவியதுபோல.

பிறகு இன்னொரு படம், ஒரு வயது ஆகுமுன் போய்விட்ட குழந்தைகள். நம் பள்ளத்தாக்கில் ஒன்றுகூட இல்லை. அட்டவணையில் நம் ஊருக்கு எதிரே பூஜ்ஜியம். "இந்த ஊர்க்காரங்க யாராவது இருக்கீங்களா? அப்படி என்னத்தைத் திங்கிறீங்க அங்க?" என்று ஜீபெக் அம்மா கேட்க, வகுப்பே சிரித்தது. நான் கையைத் தூக்கவில்லை.

நம் மகள் பெர்மெத் முதல் படத்திலும் இல்லை, இரண்டாவது படத்திலும் இல்லை. நாற்பதாம் நாள் குளிப்பாட்டி, நாற்பது வீட்டுத் துண்டுத்துணியில் தைத்த சட்டையைப் போட்ட பிறகு போய்ப் பதியலாம் என்று இருந்தோம். அதற்குள் போய்விட்டாள். வராதவளைப் போலவே போய்விட்டாள்.

இன்னும் ஒன்று. குழந்தையே சாகாத ஊருக்கு நர்ஸ் எதற்கு என்று, அதே பூஜ்ஜியத்தைக் காட்டி ராபியா அக்காவை இலையுதிர்காலத்தில் வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள். தயவுசெய்து மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நம் மகளைப் பதியுங்கள்.

உங்கள்
காலிபா


மேய்ச்சல் மேடு,
ஜூன் 25

படித்த காலிபாவுக்கு,

புல் முழங்கால் உயரம். உன் கறுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. குட்டி உன்னைப் போலத்தான், பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்பதில்லை. எசென் உன் கடிதத்தைத் தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தான். படித்திருக்கிறான், கழுதை.

நீ கேட்டதற்குப் பதில்: மாட்டேன்.

நாற்பது நாள் முடிகிறவரை வெளியாள் கண் படக்கூடாது என்று உனக்குச் சொல்லித் தர வேண்டுமா? நீ போட்டோ எடுத்து, போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினாய். இருநூறு பேர் இதயம் போட்டார்கள். மறுவாரம் அவளுக்கு மூச்சு இழுத்தது. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். உனக்கும் தெரியும். நீ படிக்கப் போனதே அதனால்தான் என்று எனக்கும் தெரியும்.

இப்போது அவளைத் தூக்கிச் சுவரில் ஏற்றி நாடு முழுக்கக் காட்டச் சொல்கிறாய். உன் படிப்புக்கு என் மகள் ஒரு புள்ளியா? அவளை விட்டுவிடு.

தோக்தோசுன்


பிஷ்கெக்,
ஜூலை 10

என் வீட்டுக்காரருக்கு,

ஒருவழியாகச் சொல்லிவிட்டீர்கள். மூன்று வருடமாக நம் இரண்டு பேர் நடுவிலும் அது படுத்துக்கிடந்தது. வெளியே வந்ததே நல்லதாகப் போயிற்று.

ஆமாம், அனுப்பினேன். சந்தோஷத்தில் அனுப்பினேன். தாய் வேறு எதற்கு அனுப்புவாள்? ஆனால் அன்று என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கணவாயில் பனி. நம் பள்ளத்தாக்கில் அப்போது நர்ஸே கிடையாது, ராபியா அக்கா அடுத்த வருடம்தான் வந்தாள். வண்டிக்கு முன்னால் நீங்கள் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டே போனீர்கள், உள்ளே என் மடியில் அவள் அடங்கிப்போனாள். யாரோ இருநூறு பேர் பார்த்ததால் அவள் போகவில்லை. பார்க்க வேண்டிய ஒரே ஒருத்தி அங்கே இல்லாததால் போனாள். உங்களுக்கே "நிற்கட்டும்" என்று பொருள்பட ஏன் பெயர் வைத்தார்கள்? உங்களுக்கு முன்னால் பிறந்தவர்கள் நிற்காததால்தானே! அவர்களையும் யாரும் எழுதவில்லை.

பெர்மெத்தைப் பற்றிப் பேராசிரியையிடம் சொன்னேன். "பேரு போடாம உன் ஆய்வுல எழுதிடேன் காலிபா, நல்ல உதாரணம்" என்றார் ஜீபெக் அம்மா. முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். அவள் எனக்கு மட்டும் மகளா? ஒருவரைப் பற்றிய விவரம் அவருக்கும் அவருடையவர்களுக்கும் சொந்தம் என்று இவர்தானே முதல் நாள் வகுப்பில் சொன்னார்! நீங்கள் சம்மதிக்காமல் நான் எங்கேயும் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டேன். இனி இதைக் கேட்கவும் மாட்டேன்.

செப்டம்பரில் கொஞ்ச நாள் விடுமுறை. வரவா, வேண்டாமா? அதையாவது எழுதுங்கள்.

காலிபா


பிஷ்கெக்,
ஆகஸ்ட் 8

என் வீட்டுக்காரருக்கு,

எசென் வந்தான். கடிதம் இல்லை. ஒரு பை நிறையக் குருத் உருண்டை மட்டும் கொடுத்தான். பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத மனம் வராத மனிதர் தயிரைப் பிழிந்து உருட்டிக் காயவைத்து அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? எசெனைக் கேட்டால், "எனக்கென்ன அண்ணி தெரியும், நான் லாரிக்காரன்" என்கிறான். எல்லாக் கடிதத்தையும் படிக்கிற லாரிக்காரன்!

சாப்பிடுகிறேன். உப்பு அதிகம்.

காலிபா


மேய்ச்சல் மேடு,
செப்டம்பர் 3

என் காலிபாவுக்கு,

மந்தை நலம். குட்டி நலம். நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. தாளை எடுப்பேன், ஒன்றும் வராது. குருத் உருட்டத்தான் கை வந்தது.

ராபியா அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. எங்களிடம் சொல்லிக்கொண்டு போகக் குதிரையில் மேட்டுக்கே வந்தாள். ஒரு கிடா அடித்தோம். எல்லாக் கூடாரத்திலிருந்தும் ஆட்கள் வந்து நம் கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். "எங்களை விட்டுட்டு எதுக்கு அக்கா போறீங்க?" என்று நம் பக்கத்துக் கூடாரத்து அஜார் கேட்டாள்.

"நானா போறேன்? கம்ப்யூட்டர் அனுப்புது. உங்க ஊர்ல ஒரு கொழந்தைகூடச் சாகலையாம். நான் இங்க சும்மா குமிஸ் குடிச்சு குண்டாகுறேனாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காலிபா. 

அஜார் சிரிக்கவில்லை. "எனக்கு ரெண்டு" என்றாள். அவள் புருஷன் முழங்கையால் இடித்தான். "இடிக்காத. ரெண்டு. ஒண்ணு ஆம்பளப் புள்ள" என்றாள். அவர்களோடு ஒரே கயிற்றில் குதிரைகளைக் கட்டிப் பால் கறக்கிறவன் நான். எனக்குத் தெரியாது. பிறகு எசென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணு" என்றான். ஊர் வம்பையெல்லாம் பிரித்துப் படிக்கிறவன், இதை எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. மூலைக்கு மூலை, ஒவ்வொருவராக, மெல்ல மெல்லச் சொன்னார்கள். நாம் இத்தனை பேர் இருந்தோமா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ சுவரில் பார்த்ததாக எழுதினாயே, அதை நான் நம் கூடாரத்துக்குள் பார்த்தேன். "எனக்கு ஒண்ணு. பேரு பெர்மெத்" என்றேன். அவள் பெயரை நான்கு பேர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் எசெனின் லாரியில், பிள்ளைகளைப் பதிய மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். பின்னால் அத்தனை பேர் ஏறிக்கொண்டார்கள், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. மனுக்களைப் பார்த்து அதிகாரி மிரண்டுபோனார். மறு கணக்கு எடுக்கும்வரை ராபியா அக்கா இங்கேயேதான் இருப்பாள், உத்தரவை நிறுத்திவைத்துவிட்டார்கள். உன் ஆய்வில் எழுதிக்கொள். பெயர் போட்டே எழுது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவு மேசையில் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். "என் மகள் இறந்ததைப் பதியணும்" என்றேன். "நேரா இறப்பைப் போட முடியாதுண்ணா. முதல்ல பிறப்பைப் போடணும். பிறக்காதவங்க இறந்ததா கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்றாள். அஜாரும் அவள் புருஷனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா மேய்ப்பர், அம்மா ஆசிரியை என்று எல்லாவற்றையும் தட்டி, ஒரு பொத்தானை அழுத்தினாள். பெர்மெத்துக்கென்று நீளமாக ஓர் எண் வந்தது. அதற்குக் கீழே பச்சை எழுத்தில் இரண்டு வரி. வயது: மூன்று. நிலை: உயிருடன் இருக்கிறார்.

காலிபா, நம் மகளுக்கு மூன்று வயது.

அந்தப் பெண் இறப்பைப் பதியும் அடுத்த பக்கத்தைத் திறக்கக் கையைக் கொண்டுபோனாள். "தங்கச்சி, உன் டீ ஆறிப்போகுது. மொதல்ல அதைக் குடிச்சிடும்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள். எழுந்துபோய் எனக்கும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டுவந்தாள். பின்னால் நம் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவள் மெதுவாகக் குடித்தாள். தீர்ந்ததும் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

விடுமுறைக்கு வா.

பெர்மெத்தின் அப்பா,
தோக்தோசுன்