உன் அம்மா பனிக்குள் வண்டி இறக்கிய நாள்

வெலிங்டன்,
நவம்பர் 1994

அன்பு மகள் லீலாவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், ஜோத்பூரில் நீயும் பிள்ளையும், எல்லையில் மாப்பிள்ளை ரவியும் நலமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். ஒரு வாரமாக மழை, மலை ரயில் ஓடவில்லை, உன் அம்மா பின்னிய ஸ்வெட்டர் பார்சல் தாமதமாக வரலாம்.

உன் அம்மா செவ்வாய்தோறும் மாதர் சங்கத்து வேனில் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் பால் பவுடரும் மருந்தும் கொண்டுபோவது உனக்குத் தெரியும். இந்த வாரம் மழையைச் சாக்கிட்டு நானும் ஏறிக்கொண்டேன், உண்மையில் அவள் ஓட்டுவதில் குறை கண்டுபிடிக்கும் ஆசைதான், பட்டாளத்தில் காலமெல்லாம் லாரி ஓட்டியவன் அல்லவா. மேலே போனால் கொழுந்து பறிக்கும் வீரம்மா, நிறைமாதக்காரி, ரத்தப்போக்கோடு துடித்துக்கொண்டிருக்கிறாள். கூட வந்த நர்ஸ் ரோஸ்மேரி, தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது என்று என் காதில் சொன்னாள். அதற்குள் மூடுபனி இறங்கி கை நீட்டினால் விரல் தெரியவில்லை. அந்தப் பாதையில் வண்டி திரும்ப இடம் கிடையாது, தார் ரோடு வரை பின்னாலேயேதான் இறங்க வேண்டும், ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். பட்டாளத்தில் பின்னால் ஓர் ஆள் நின்று கை காட்டாமல் ரிவர்ஸ் எடுத்தால் தண்டனை உண்டு, இந்தப் பனியில் நான் இறங்கி நின்றாலும் என் கை யாருக்குத் தெரியும். பனி விலகட்டும் என்றேன். ஏனுங்க, நீங்க ஏறி வீரம்மா தலையைப் புடிச்சுக்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உன் அம்மா ஹாரனை நீளமாக அடித்தாள்.

கீழே பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நேரா வாங்கக்கா என்றது. அதைத் தாண்டியதும் வேறொரு குரல், மேட்டுப் பக்கமா ஒடிச்சு வாங்கக்கா என்றது. பிறகு இன்னொன்று. ஹாரன் கேட்டால் கொழுந்துக் காட்டிலிருந்து வளைவுக்கு ஒருத்தியாக வந்து நின்றுவிடுவார்களாம், பனி நாட்களில் இதுதான் அவர்களுடைய ஏற்பாடு, எனக்குத்தான் தெரியாது. உன் அம்மா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, தலையை வெளியே நீட்டிக் காதைக் கொடுத்தே இறக்கினாள். லடாக்கில் கான்வாய் வரிசையில் லாரி ஓட்டியவன் நான், பின் சீட்டில் வீரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன் என்று மலைத்துப்போனேன் மகளே. குன்னூர் ஆஸ்பத்திரியில் வீரம்மாவுக்குப் பெண் குழந்தை, இருவரும் பிழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, இந்தக் குரல் வித்தையை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் லடாக்கில் இருந்த வருஷம், பட்டாளக் குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் நீயும் அவளும் அந்த எஸ்டேட் ஓரம் வாடகைக்கு இருந்தீர்கள். உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. வண்டி இல்லை, இதே போலப் பனி. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவளுக்கு லைன் பெண்கள்தான் முன்னால் ஓடி நின்று வளைவுக்கு வளைவு குரல் கொடுத்தார்களாம். அந்தக் குரலப் புடிச்சுத்தானுங்க நம்ம புள்ளையக் காப்பாத்துனேன் என்றாள். அந்த வருஷம் அவள் எனக்கு எழுதியதில் எல்லாம் நாங்கள் சுகம் என்றுதான் இருந்தது. ஏன் எழுதவில்லை என்றேன். எழுதியிருந்தா வந்திருப்பீங்களா என்று கேட்டாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

உன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, நீ அவள் வயிற்றில் பிறந்தவள். உனக்கும் பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்களோடு பழகிக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். போன கடிதத்தில் நீயும் எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். எல்லையில் நிற்பவருக்கு எழுத மனம் வராவிட்டால் எனக்கு எழுது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே எழுது. இப்போது என்னால் வர முடியும்.

உன் அப்பா,
கந்தப்பன்