இரண்டு புள்ளி, ஒரு கோடு

மார்ச் 9, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி. ஜப்பான்காரன் வந்து, கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, வயிறு மட்டும் பழைய நேரத்துக்கே பசிக்கிறது. காலையில் மரவள்ளிக்கிழங்கு. கோப்பி என்ற பெயரில் கருக்கிய சோளத் தண்ணீர். சீனி தீர்ந்து மூன்று மாதம் என்கிறாள் மனைவி கனகம்.

பாசாரில் நோட்டீஸ். வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சாமான் எது இருந்தாலும் சனிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். பிறகு அகப்பட்டால் என்ன என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. மீன் கடையில் ஒருவர் சொன்னது: "பைனாகுலர கொண்டுபோய் குடுத்தாருல்ல, அந்தக் கடைக்காரரு, ஆளு இன்னும் திரும்பி வரல லா." பக்கத்தில் நின்றவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருப்பவை. எழுதி வைப்பது மடத்தனம். ஸ்டோர் கிராணியின் கை, கணக்கெழுதாமல் சும்மா இருக்காது.

தோல் தொப்பி 1, காதுக் குழாயோடு
காக்கித் துணித் தொப்பி 1
விமானிக் கண்ணாடி 2 (ஒன்றில் இடது பக்கம் கீறல்)
முழங்கை வரை தோல் கையுறை 1 ஜோடி, உள்ளே போடும் பட்டுக் கையுறையோடு
ஆட்டு ரோமம் வைத்த பூட்ஸ் 1 ஜோடி
கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பு 1
இலவம்பஞ்சு அடைத்த மஞ்சள் மிதவைச் சட்டை 1
பாராசூட் வார், பக்கிளோடு

எதுவும் திருடியதில்லை. சிங்கப்பூரில் ஒன்பது வருஷம், பிறகு பினாங்குக்கு அக்கரையில், பட்டர்வொர்த் விமானத்தளத்தில், வெள்ளைக்காரனிடம் ஸ்டோர் வேலை. கழித்துக்கட்டிய சாமானைக் குப்பைக்கு அனுப்பும்முன் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஸ்டோர் சீட்டு. மற்றவர்கள் தபால்தலை சேர்க்கிறார்கள், எனக்கு இது. ஒரு தடவைகூட நான் விமானத்தில் ஏறியதில்லை.

மார்ச் 10, புதன்

மழை விட்டது. ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். 

கனகம் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? பிள்ளையளின்ர உயிரைவிட உந்தத் தொப்பி பெரிசோ? எல்லாத்தையும் இண்டைக்கே எரிச்சுப் போடுங்கோ."

அடுப்பில் முதலில் கையுறை. தோல் எரியவில்லை, சுருண்டு முடங்கிப் பொசுங்கியது. புகை ஜன்னல் வழியே எங்கள் லோரோங் சந்து முழுக்கப் போனது. பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு ராசம்மா வாசலில் நிற்கிறார்: "என்ன கனகம், கறி கெடச்சிச்சா? எங்க வாங்குன? எனக்குச் சொல்லலியே."

எல்லோருக்கும் அவ்வளவு பசி. தண்ணீர் ஊற்றி அணைத்தேன். பாதி எரிந்த கையுறையைப் பார்க்க அழுகை வந்தது. கனகம் பார்த்துவிட்டாள், சாம்பலை அள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மார்ச் 11, வியாழன்

வழி கிடைத்தது. டோபி முனியாண்டி (மு.).

இந்தச் சாமான்கள் அவருக்குப் புதிது இல்லை. பினாங்கு ஈரத்துக்கு எல்லாம் பூஞ்சை பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை துணியைத் துவைத்து, தோலைத் துடைத்து, வெயிலில் காட்டித் தருவது அவர்தான். "வண்டியில நூறு மூட்ட போவுது கிராணி ஐயா, நூத்தி ஒண்ணா போயிட்டுப் போவுது" என்றார். படகுக்காரன் ஒருவனைத் தெரியுமாம், சாயங்காலமே நடுக்கடலில் போட்டுவிடலாம்.

ஸ்டோர் சீட்டுகளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுச் சாக்கில் அடுக்கினோம். மிதவைச் சட்டையை எடுத்தவர் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. எங்கள் வீட்டுத் துணிக்கு அவர் போடும் குறி, சேங்கொட்டை மையில். துணி நைந்தாலும் அது போகாது. எந்த வீட்டுத் துணி என்று அவர் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

"நம்ம குறி இருக்கே ஐயா. வெட்டிப்புடவா?"

கத்தரிக்கோலை எடுத்தும்விட்டார். நான் தடுத்தேன். கடலுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொன்னேன். உண்மையான காரணம் அது அல்ல. பழுதில்லாத சட்டை, ஒரு தையல்கூடப் பிரியவில்லை. வெட்ட மனம் வரவில்லை. கடலில் எறியப்போகிற சாமானைக் கெடுக்க மனம் வராதவன் நான்.

கல்லும் நானே கட்டினேன். சாக்கில் ஒரு சாமான் குறைவு. தோல் தொப்பி. மு.வுக்குத் தெரியாது, கனகத்துக்கும் தெரியாது. அரிசி இல்லாத அரிசித் தகரத்துக்குள் இருக்கிறது, இந்த நோட்டோடு.

மார்ச் 12, வெள்ளி

நிம்மதி. ஆபீஸ். வாசல் காவலனுக்கு வழக்கத்தைவிடக் கீழே குனிந்து கும்பிட்டேன், சும்மா, சந்தோஷத்தில். சின்னவளுக்கு ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

மார்ச் 14, ஞாயிறு

சாக்கு பிரிந்துவிட்டது. மிதவைச் சட்டை வடக்குக் கரையில் ஒதுங்கியிருக்கிறது.

மிதப்பதற்கென்றே செய்த சாமானைக் கடலில் அமிழ்த்தப் போன புத்திசாலி உலகத்தில் நான் ஒருவன்தான். இலவம்பஞ்சு. பட்டியலில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

மு.வின் மனைவி அஞ்சலை ஓடிவந்து சொன்னார். வாசற்படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி:

"டோபி காட்ல, தொவைக்கிற தொறையிலயே, எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சான் ஐயா ஜப்பான்காரன். சட்டையத் திருப்பிக் காட்டி, யார் குறின்னான். எங்க ஆளுங்களுக்கு ஒவ்வொருத்தர் கைக்குறியும் பாத்ததுமே தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஓரத்துல நின்ன பெரியவரப் போட்டு அடிச்சான். அதப் பாத்துட்டுதான் இவரு, 'என் குறி'ன்னு முன்னால வந்தாரு."

எந்த வீட்டுக் குறி என்று கேட்டிருக்கிறார்கள். நூறு வீட்டுத் துணி, ஞாபகமில்லை என்றாராம். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அஞ்சலைக்கு யார் வீட்டுக் குறி என்று தெரியும். குறி போடுவதில் பாதி அவர் கைதான். என்னைப் பார்த்தார், பிறகு என் பிள்ளைகளைப் பார்த்தார், எழுந்து போனார்.

சாப்பிடவில்லை.

மார்ச் 15, திங்கள்

கனகம் கத்தரிக்கோலோடு அலமாரி முன். என் வேட்டி, சட்டை, அவளுடைய சேலை, பிள்ளைகளின் கவுன், தலையணை உறை, எதைத் திருப்பினாலும் இரண்டு புள்ளி ஒரு கோடு. ஓரம் ஓரமாக வெட்டிக்கொண்டே போகிறாள். ஒரு ரவிக்கை முதுகுவரை கிழிந்துவிட்டது.

அப்போது அஞ்சலை துவைத்த துணியோடு வந்தார். புருஷன் லாரியில் போன மறுநாள், கூடையோடு. வெட்டிய துணியைப் பார்த்ததும் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்.

"அக்கா, ஓட்ட இருந்தா அதுவே காட்டிக் குடுத்துரும். நாளைக்கு வீடு வீடா துணியப் பாக்க வர்றானாம். வெட்டுனத எங்கிட்ட குடுங்க, கந்தலோட கந்தலா போட்டுர்றேன். மத்தத அப்படியே வைங்க."

பிறகு கூடையைக் காட்டினார். பத்து வீட்டுத் துணி, எல்லாவற்றிலும் எங்கள் குறி. பழைய குறிக்குப் பக்கத்தில் புதிதாக. டோபி காட் பெண்கள் எல்லோரும் நேற்றிலிருந்து அதைத்தான் செய்கிறார்களாம். அஞ்சலையின் விரல்களில் கொப்புளம். சேங்கொட்டைப் பால் பட்டால் வெந்துவிடும், அவசரத்தில் எண்ணெய் தடவிக்கொள்ளவில்லை.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "தாப்பா லா ஐயா" என்றார். பரவாயில்லை என்று என்னிடம் சொல்கிறார்.

மார்ச் 16, செவ்வாய்

வந்தார்கள். இரண்டு சிப்பாய், ஒரு மொழிபெயர்ப்பாளன். ராசம்மா வீட்டில் குறியைக் கண்டதும் கத்தல். அடுத்த வீட்டிலும் அதே குறி. எங்கள் வீட்டுக்கு வரும்போதே சிப்பாய் சலித்துப்போயிருந்தான். என் காலரைத் திருப்பிப் பார்த்தான், துப்பினான், போய்விட்டான். அரிசித் தகரத்தைக் காலால் உதைத்தான், திறக்கவில்லை.

லோரோங்கில் பதினாறு வீடு, பதினாறிலும் குறி. ராசம்மாவின் மகனுக்கு இரண்டு அறை விழுந்தது. காரணம் என்ன என்று ராசம்மா வீட்டாருக்குத் தெரியாது. "நாம என்ன தப்பு செஞ்சோம்?" என்று ராசம்மா என்னிடம் வந்து கேட்கிறார்.

தப்பித்தோம் என்று கனகம் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். வெட்கம்.

மார்ச் 18, வியாழன்

மேகமூட்டம். ஆபீசில் கூட்டல் எல்லாம் தப்பு.

நேற்று நினைக்கவில்லை, இன்றைக்குத்தான் உறைத்தது. குறி எல்லா வீட்டிலும் இருந்தால் குறியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் அவர்களுக்கு மிச்சம் மு.வின் வாய் ஒன்றுதான்.

சாயங்காலம் டோபி காட்டுக்குப் போனேன். அஞ்சலை கல்லருகில். மு.வை வைத்திருக்கிற போலீஸ் ஸ்டேஷன் துணி துவைப்பதும் அவர்கள்தான், அதிகாரிகளின் சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம். இன்றைய மூட்டையில் மு.வின் பனியனும் வந்திருக்கிறது. அவரை அடித்தவன் சட்டையும் அதே மூட்டையில் இருக்கலாம்.

"உசுரோடதான் இருக்காரு ஐயா. முந்தாநாள் வந்த துணியில ரத்தம் காஞ்சு கறுத்திருந்திச்சு. இது புதுசு. செவப்பா இருக்கு பாருங்க." தொட்டிக்குள் அமுக்கினார். "ரத்தத்துக்கு சுடுதண்ணி ஆவாது. பச்சத் தண்ணிதான்."

அவ்வளவுதான் பேசினார். நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது திரும்பியிருப்பேன். கேட்கவில்லை. பனியனைக் கல்லில் அடிக்காமல் கையாலேயே கசக்கிப் பிழிந்தார்.

வீட்டுக்கு வந்து அரிசித் தகரத்தைத் திறந்தேன்.

மார்ச் 19, வெள்ளி

கனகத்திடம் தொப்பியை எடுத்துக் காட்டி, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். உள்துணியில் குறி. கூடவே என் கையெழுத்தில் சீட்டு. மிதவைச் சட்டையும் இதுவும் ஒரே ஆளுடையது, அந்த ஆள் நான், டோபிக்கு ஒன்றும் தெரியாது, கடலில் எறிந்ததும் நானே. நம்பவைக்க இதைவிட வேறு அத்தாட்சி இல்லை. கடலில் எறியாமல் வைத்த ஒரே சாமான்.

முதலில் தொப்பியை ஒளித்ததற்காக அடித்தாள். நிஜமாகவே, இரண்டு கையாலும், என் மார்பில். பிறகு:

"நீங்கள் போனால் அவனை விடுவாங்கள் எண்டு ஆர் சொன்னது? ரெண்டு பேரையும் வைச்சிருந்தால்?"

தெரியாது என்றேன். தெரியாதுதான்.

"பிள்ளையளுக்கு நான் என்ன சொல்ல?"

பயம் என்றால் இப்படிப்பட்ட பயம். நாளைக்குள் மு. வாயைத் திறந்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை நினைத்தவனும் நான்தான், எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு கனகம் என்னோடு பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

மார்ச் 20, சனி

காலை. நல்ல வெயில். துணி காயும் வெயில்.

குளித்தாயிற்று. வெள்ளைச் சட்டை, வெட்டாதது, காலர் உள்ளே குறி. ஸ்டேஷன் டோக்கியோ நேரம் பத்துக்குத் திறக்கிறது.

காகிதத்தில் சுற்றும்முன் தொப்பியை ஒரு தடவை தலையில் மாட்டிப் பார்த்தேன், கண்ணாடி முன். வார் தாடைக்குக் கீழே சரியாகவே பொருந்துகிறது. காது அடைத்து, வீட்டுச் சத்தம் எல்லாம் தூரத்தில். சின்னவள் எட்டிப் பார்த்து, "அப்பா குரங்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செய்ய வேண்டியவை: அலமாரிச் சாவி கனகத்திடம். ஆபீசுக்கு ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும். ராசம்மாவிடம் மன்னிப்பு, முடிந்தால். இந்த நோட்டை அடுப்பில் போடும்படி கனகத்திடம்.

கனகம் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாய் குடித்தேன்.

சீனி போட்டிருக்கிறாள்.