மடக்கிய நம்பர் பிளேட்

ஐப்பசி 18, செவ்வாய்

கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி டிராபிக் கேமராவில் சிக்கக் கூடாதென்றுதான் பைக்கின் நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் மடக்கி மாட்டியிருந்தேன். இன்று போனில் அபராதச் சீட்டு வந்தது. படத்தில் என் பைக் போலவே ஒன்று. என் நம்பர், நேராக, தெளிவாக. படத்தில் போட்டிருந்த நேரத்தில் என் பைக் கம்பெனி ஸ்டாண்டில் நின்றது.

ஓசூர் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். ஏட்டு என் பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"போட்டோல இருக்கிற வண்டி சட்டப்படி இருக்குதுப்பா. திருட்டு வண்டி மாதிரி நிக்கிறது உன்னுதுதான்."

வெளியே வந்ததும் மெக்கானிக்கிடம் கொடுத்து பிளேட்டை நிமிர்த்தி மாட்டினேன்.

இப்போது வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டுபவனின் முதுகுதான் தெரிகிறது. எங்கள் கம்பெனி யூனிபார்ம். வலது தோளில் தையல் விட்டிருக்கிறது. என் யூனிபார்ம் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எழுந்து போய் அதன் தோளைப் பார்க்க மனம் வரவில்லை.