கீழண்டை வரிசைக்குக் குழாய்

நடுத்திட்டு
11-9-2022

அன்புள்ள குப்பம்மாளுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, மன்னித்துக்கொள். சேற்றில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். எழுத்து மேலே ஏறியதும் என்னால்தான், கீழே இறங்கியதும் என்னால்தான். வேறு யாரும் கை வைக்கவில்லை. இதை எழுதியது உன் வீட்டுக்காரன் சடையன்.

நீ நம்பமாட்டாய். நானே நம்பவில்லை. அனிதா டீச்சர் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். பெலிக்ஸ் கிண்டலாக, "போய் உக்காரு மாமா, ஃபேனாவது சுத்தும்" என்றான். ஃபேனுக்காகத்தான் போனேன். இப்போது கரண்ட் போனாலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கை சேற்றுக்குள் தடவியே இறால் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று சொல்லிவிடும். பேனாவைப் பிடித்தால் மட்டும் வழி தவறிப்போகிறது.

குப்பு, எழுத்து எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது. பழவேற்காடு போனேன். இத்தனை வருடம் நிறத்தைப் பார்த்து ஏறிய பஸ்ஸில் பொன்னேரி என்று எழுதியிருக்கிறது. பெலிக்ஸ் படகின் மூக்கில் இருப்பதைப் பூ வேலை என்று நினைத்திருந்தேன். அது 'சமாதானம்' என்ற பெயர். இவ்வளவு நாள் அதன் பக்கத்தில் நின்று சண்டை போட்டிருக்கிறேன்.

போனில் நான் பேசினால் "ம்" என்று சொல்லி மகள் தேவியிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது. நீதான் படிக்கவேண்டும். நம் வரிசையில் அஞ்சாவது வரை படித்தவள் நீ ஒருத்திதானே.

இப்போது ஊர்ச் செய்தி. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் பஞ்சாயத்து டேங்க் எழும்பிவிட்டது. கரையிலிருந்து ஏரிக்கு அடியில் நம் திட்டுக்குக் குழாய் பதித்துக்கொண்டு வருகிறார்கள். உப்புத் தண்ணீருக்குக் கீழே நல்ல தண்ணீர் ஓடி வரப்போகிறது. படகை நிறுத்திவிட்டு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

படகுத்துறையில் குடத்தோடு விழுந்து உன் மணிக்கட்டு உடைந்த அன்று நீ சொன்னாய். "நம்ம வரிசையில கொயா வந்தாதான் இனி என் கால் இங்க படும்." கட்டோடு தேவி வீட்டுக்குப் போனவள், கட்டுப் பிரித்தும் வரவில்லை. நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், மறைக்கக்கூடாது. குழாய் மாதா கோயில் முனையோடு நின்றுவிடுமாம். ஓடைக்கு அந்தப்பக்கம் நம் கீழண்டை வரிசைக்கு இல்லையாம். காந்தி பிறந்த நாளன்று கிராம சபை கூடுகிறது. அங்கே என்ன பேசவேண்டும் என்று நீ சொல்லு. எனக்கு எழுத வந்துவிட்டது, பேச வரவில்லை.

உன்
சடையன்


அம்பத்தூர்
19-9-2022

தேவி நைனாவுக்கு குப்பம்மாள் எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. தேவி வாங்கிப் பிரிக்கப் போனாள், நான் பிடுங்கிக்கொண்டேன். நீதான் எழுதினாய் என்று முதலில் நம்பவில்லை. படகுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டதைப் படித்த பிறகு நம்பினேன்.

எழுத்து பரவாயில்லை. கோடு போட்ட தாள் வாங்கு.

சபையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. அழாதே. என் மணிக்கட்டுக் கதையை எடுக்காதே, அதைக் கேட்டு ஐயோ பாவம் என்பார்கள், அப்புறம் எழுந்து போய்விடுவார்கள். மனு கொடுத்தாலும் கட்டோடு கட்டாகப் போகும். நீ டீ போடு. பால் நம் பெலிக்ஸ் வீட்டில் வாங்கு, தண்ணீர் நம் வரிசை ஊற்றுக்குழியில் எடு. ஆபீசிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் கொடு. சர்க்கரை நிறையப் போடு, குறை சொல்லக்கூடாது.

இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? தேய்க்கமாட்டாய்.

குப்பம்மாள்


நடுத்திட்டு
4-10-2022

அன்புள்ள குப்புவுக்கு,

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். எழுத்து கொஞ்சம் அடங்கியிருக்கிறதா பார்.

சபை பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்தது. பிரசிடென்ட் இளவழகன் வெள்ளை வேட்டியில் வந்தார். ஒன்றிய ஆபீசிலிருந்து ஒரு அம்மா படகில் வந்தாங்க. பாவம், அலைக்குப் பயந்து பலகையை விடாமல் பிடித்திருந்தாங்க.

வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினார்கள். என் முறை வந்ததும் கிளர்க் பார்க்காமலே மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். சடையன் என்று எழுதினேன். 'டை' எழுதும்போது பின்னால் வரிசை மாதா கோயில் வரைக்கும் நின்றதாம். பெலிக்ஸ், "மாமா, ஊர் பேரையும் சேத்து எய்திடாத, பொய்து போயிடும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

நீ சொன்னபடி டீ போட்டேன். நீ நினைத்திருந்த மாதிரியே அந்த உப்பில் பால் அடுப்பிலேயே திரிந்துபோயிற்று. அப்படியே டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனேன். அந்த அம்மா டம்ளருக்குள் பார்த்தாங்க. கட்டி கட்டியாக மிதந்தது. பால் கெட்டுப்போச்சா பெரியவரேன்னு கேட்டாங்க.

நான் சொன்னேன்: "பால் நல்ல பால்மா. தண்ணிதான் எங்க வரிசைத் தண்ணி."

பிரசிடென்ட் வெட்கப்பட்டு, இன்னா சடையா, சபையில வந்து டீக்கடை வெச்சிக்கினன்னு சமாளித்தார். அந்த அம்மா ஒரு வாய் குடித்தாங்க. குடிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஓடையின் அகலம் எவ்வளவு என்று கூட வந்த இன்ஜினியரைக் கேட்டாங்க. ஓடையைத் தாண்டி கீழண்டை வரிசைக்கும் குழாய் போடத் தீர்மானம் போட்டாயிற்று. சத்தமாகப் படித்தார்கள். கைதட்டினோம்.

குப்பு, நீ அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கே ஒரு டம்ளரால் குழாயை ஓடை தாண்ட வைத்துவிட்டாய். உன்னை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கமாட்டேன். எழுதும்போது வந்துவிடுகிறது.

பொங்கலுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்கிறார்கள்.

உன்
சடையன்


அம்பத்தூர்
16-10-2022

தேவி நைனாவுக்கு,

தீர்மானத்தைக் குடத்தில் பிடிக்க முடியாது. தண்ணீர் வரட்டும், பேசலாம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இங்கே குழாய் சமையல் அறைக்குள்ளேயே இருக்கிறது. திருகினால் வருகிறது. ஏறவேண்டாம், இறங்கவேண்டாம், சேற்றில் வழுக்கவேண்டாம். தேவி இங்கேயே இருந்துவிடம்மா என்கிறாள். ரேஷன் கார்டில் என் பேரை இங்கே மாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். நான் பொங்கல் வரை பொறுங்கள் என்றிருக்கிறேன். அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கும் வயதாகிறது. மழை நாளில் அந்தக் கை இன்னும் குடைகிறது.

ஆச்சரியமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை ஒரு தரம் மறுபடி படித்தேன்.

குப்பம்மாள்


நடுத்திட்டு
22-1-2023

அன்புள்ள குப்புவுக்கு,

பொங்கல் போய்விட்டது. மழையிலும் புயலிலும் வேலை நின்றுபோனதை உனக்கு எழுதியிருந்தேன். நீ பதில் போடவில்லை. கார்டில் பேரை மாற்றிவிட்டாயா என்று தெரியாது. தேவியிடம் கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. மாற்றியிருந்தாலும் இதை நீ படிக்கவேண்டும். இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

தண்ணீர் வந்துவிட்டது.

மாதா கோயில் முனையில் முதல் குழாயை பிரசிடென்ட் திறந்தார். முதலில் காற்று சீறியது, அப்புறம் சிவப்பாகக் கொஞ்சம், அப்புறம் வெள்ளையாக வந்தது பார். கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, மீன் கூடைக்குத் தார்ப்பாய் போட்டு அதுவும் நிறைந்தது. அப்போதும் நிற்கவில்லை.

அப்புறம் ஒரு கூத்து. நம் ஊரில் கல்யாணம் என்றால் எப்படித் தண்ணீர் வரும்? படகைத் தேய்த்துக் கழுவி, தார்ப்பாய் விரித்து, பழவேற்காட்டில் நிரப்பி ஓட்டிவருவோம். நல்ல தண்ணீர் என்றால் அது படகில்தான் இருக்கவேண்டும் என்று நம் ஆட்களுக்குப் பழகிவிட்டதே. பெலிக்ஸ் ஓடிப்போய் 'சமாதானம்' படகைக் கழுவிக் கரையோரம் கட்டினான். ரப்பர் குழாயை மாட்டி அதற்குள் விட்டான். நாளைக்கு வருமோ வராதோ, யார் கண்டதுன்னு சொன்னான். அது சரிதான் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்தோம். நானும் பிடித்தேன்.

படகு மெல்ல இறங்கியது. விளிம்பு வரை நல்ல தண்ணீர். வெளியே விளிம்பு வரை உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு பலகை. அதற்குள் வானம் அசையாமல் இருந்தது. தூரத்தில் பூநாரைகள் நின்றன, ஒரு கடற்காகம் மட்டும் வந்து விளிம்பில் உட்கார்ந்து குடித்தது. அதை விரட்ட யாருக்கும் மனசு வரவில்லை. என் வாழ்நாளில் கோயிலில்கூட அப்படி நின்றதில்லை.

அதற்குள் டேங்க் காலி. நம் வரிசைக் குழாய் புஸ் என்றது, அவ்வளவுதான். பிரசிடென்ட் தலையில் அடித்துக்கொண்டார். "டேங்கு ஊருக்குக் கட்டினதுடா, படகுக்கு இல்ல." பெலிக்ஸுக்கு முகமே இல்லை. படகிலிருந்து குடம் குடமாக மொண்டு ஓடையைத் தாண்டி நம் வரிசைக்கெல்லாம் அவனே சுமந்தான். நம் வீட்டு வாசலிலும் ஒரு குடம் வைத்தான். நான் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். "இன்னா மாமா, கோவமா?" என்றான். கோபம் இல்லை. நீ சொன்னது குழாய்த் தண்ணீர். சுமந்த தண்ணீர் குடித்தது இந்த வீட்டுக்குப் போதும் குப்பு.

மறுநாள் காலையில் பல் தேய்க்காமல் குழாய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. அப்புறம் அது வந்தது. நம் வரிசையில், நம் வாசலில். ஏரிக்கு அடியில் வந்து, ஓடையைத் தாண்டி, என் உள்ளங்கையில் விழுந்தது. வழி தெரிந்து வந்ததே என்று இருந்தது எனக்கு.

உன் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பிடித்து வைத்திருக்கிறேன். மூடி வைத்திருக்கிறேன். நான் இன்னும் குடிக்கவில்லை. பழைய ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். முதல் வாய் உன்னுடையது. நீ வரமுடியாது என்றால் ஒரு வரி எழுதிவிடு, குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன்.

உன்
சடையன்


அம்பத்தூர்
29-1-2023

தேவி நைனாவுக்கு,

உனக்குப் புத்தி இருக்கிறதா? குழாயை வாசலில் வைத்துக்கொண்டு உப்புத் தண்ணீரைக் குடிக்கிற ஆளை இந்தத் தமிழ்நாட்டில் பார்க்கமுடியாது. குடத்துத் தண்ணீரை முதலில் மாற்று, புழு வைக்கும்.

நான் பதில் போடாதது கோபத்தால் இல்லை. கார்டு மாற்றும் இடத்துக்கு மாப்பிள்ளையோடு போனேன். உட்காரச் சொன்னார்கள். பையில் உன் கடிதங்கள் இருந்தன. நேரம் போகட்டும் என்று எடுத்துப் படித்தேன். என் பேரைக் கூப்பிட்டபோது நான் அங்கே இல்லை, வெளியே டீக்கடையில் இருந்தேன். அவ்வளவுதான். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குழாய் வராமல் வருகிறேன் என்று எழுதக் கை வரவில்லை, சொன்னது சொன்னதுதானே.

வெள்ளிக்கிழமை வருகிறேன். தேவி துறை வரை கொண்டுவந்து விடுவாள். பெலிக்ஸைப் படகு கொண்டுவரச் சொல். தண்ணீர் இல்லாத படகு.

ஒரு கண்டிஷன். நான் வந்துவிட்டேன் என்று எழுதுவதை நிறுத்தக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் சொன்னதெல்லாம் காற்று எந்தப்பக்கம், இறால் இருக்கா இல்லையா, அவ்வளவுதான். இந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

குப்பம்மாள்


நடுத்திட்டு, நம் வீட்டு வாசல்
5-2-2023

அன்புள்ள குப்புவுக்கு,

நீ குழாயடியில் இருக்கிறாய். நான் கதவோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ திரும்பிப் பார்த்து, "இன்னா எய்துற?" என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. இதுதான்.

வெள்ளிக்கிழமை நீ முதல் வாய் குடித்துவிட்டு, "உப்பே இல்ல, சப்புன்னு கீது" என்றாய். வரிசையே சிரித்தது. ஆனால் எல்லாரும் போன பிறகு நீ செய்ததை நான் பார்த்தேன். குழாயைத் திருகினாய், மூடினாய், மறுபடி திருகினாய். அப்புறம் உடைந்த மணிக்கட்டை அதன் கீழே வைத்துக்கொண்டு நின்றாய். தண்ணீர் வீணாகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அதை வாயால் உன்னிடம் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தேன், அதனால் எழுதுகிறேன்.

நான் ஊற்றுக்குழிப் பக்கம் இனிப் போவதில்லை. இன்று காலை நம் தண்ணீரில் நீ போட்ட டீயில் பால் திரியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆறிப்போயிற்று. திட்டினாய். அதுவும் நன்றாக இருந்தது.

குடம் நிறைகிற சத்தம் மாறுகிறது, நீ எழுந்துவிடுவாய். இத்தோடு விடுகிறேன். இந்தக் கடிதத்தை அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைக்கிறேன். தபால்காரருக்குச் சொல்லவேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே ஒன்று இருக்கும், எடுத்துப் படி.

உன்
சடையன்